குடிபெயர்தலும் குடிபுகுதலும்

'வீடு' என்னும் சொல் 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்தது என்று மாணவர்க்குப் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறேன். கெடு 'கேடு' ஆனாற்போல, சுடு 'சூடு' ஆனாற்போல, விடு 'வீடு' ஆயிற்று. முதனிலை திரிந்த தொழிற்பெயர். உழைத்துக் களைத்தவன் தன் சுமைகளை விட்டு இளைப்பாறும் இடம் வீடு. பிறவித் தளையை விட்டு உயிர் எய்தும் பேறும் வீடு. அறம், பொருள், இன்பம், வீடு என உறுதிப்பொருள்களை நான்காக எண்ணிய முன்னோர், இல்லத்துக்கும் முத்திக்கும் ஒரே பெயரை வைத்தது எண்ணுந்தோறும் இன்பம் பயப்பது.

இவ்வளவும் சொல்லிக் கரும்பலகையைத் துடைத்துவிட்டு வகுப்பறைக்கு வெளியே வருவேன். எதிரே தேயிலை மலை. அதன் மடியில் லயங்கள். அங்கே பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் மக்களுக்கு வீடு என்பது பெரும்பாலும் 'விட்டுப் போக வேண்டியது' என்ற பொருளையே தந்து வந்திருக்கிறது என்னும் உண்மை, இலக்கணப் பாடம் முடிந்த பின்னரே எனக்கு நினைவுக்கு வரும்.

சென்ற தை மாதத்தில் இந்தச் சொல்லாராய்ச்சி என் சொந்தக் குடும்பத்திலேயே சோதனைக்கு வந்தது. தோட்டத்தில் வேலை செய்யும் என் தம்பிக்கு 7 பேர்ச்சஸ் நிலத்தில் ஒரு தனி வீடு கிடைத்தது. அவனோடு வாழும் எங்கள் தாயார், எழுபத்தொன்பது வயதினர், தாம் மணமாகி வந்த நாள் முதல் குடியிருந்த லயத்துக் காம்பராவை விட்டு அங்கே குடிபோக வேண்டும்.

"அண்ணே, நீங்க படிச்சவங்க. என்னென்ன செய்யணும்னு ஒழுங்கா எழுதிக் குடுங்க" என்றான் தம்பி.

அட்டன் நகரில் வாடகை வீடுகளிலேயே வாழ்ந்து, ஐந்து முறை வீடு மாறியவன் நான். எனவே, இக்கலையில் நானும் ஒரு பண்டிதனே என்னும் செருக்கோடு தாளை எடுத்து மூன்று பத்திகளாகப் பிரித்தேன்: கொண்டு போவன, கொடுத்து விடுவன, விட்டுச் செல்வன. எழுதத் தொடங்குமுன் தாயார் கேட்டார்: "ஏம்ப்பா, அந்த வூட்டுலேருந்து நம்மள யாரும் எழுப்ப மாட்டாங்களே?"

எழுதுகோல் நின்றுவிட்டது. என் மூன்று பத்திகளில் எதிலும் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

பிறர் வகுத்த பயணங்கள்

தாயாரின் அச்சம் முதுமையின் பேதைமை அன்று. அதற்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு.

1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள், கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். வழியில் மாண்டவர் பலர். அவர்கள் கொண்டுவந்தவை ஒரு மூட்டையும் ஒரு சட்டியும் குலதெய்வத்தின் பெயருமே. அந்த நடைவழியை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றதை வாசகர் அறிவர்.

கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னரும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் பயணம் ஓயவில்லை. அதற்கும் ஒரு சீட்டு வேண்டியிருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் அவனை அழைத்துக்கொள்ளலாம் என்று எழுதிய அச்சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். வீடு மாறுபவனின் கையில் இருக்கவேண்டிய திட்டம் கங்காணியின் மடியில் இருந்தது. 1921ஆம் ஆண்டில் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. ஆயினும் 'பத்துச்சீட்டு' என்னும் சொல் எங்கள் வழக்கில் நிலைத்தது. வேலையிலிருந்து நீக்கித் தரும் சீட்டு அது. வேலை போனால் காம்பராவும் போகும். ஏனெனில் காம்பரா வேலைக்கு உரியதேயன்றி ஆளுக்கு உரியதன்று.

என் தாய்வழிப் பாட்டனார் தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருநாள் அச்சீட்டைப் பெற்றார். தாயார் அப்போது பத்து வயதுச் சிறுமி. அம்மியும் குழவியும் சாக்கு மூட்டைகளும் இஸ்தோப்புக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டிருக்க, அவற்றின்மேல் ஒரு கோழிக்கூடையை அணைத்துக்கொண்டு தாம் அமர்ந்திருந்ததை இன்றும் சொல்வார். தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947இல் நாடாளுமன்றம் சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, சங்கம் அமைக்க முயன்று வேலையும் தங்குமிடமும் இழந்து அலையும் தொழிலாளி ஒருவனின் கதையை எழுதி, அந்நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோழிக்கூடைதான் தோன்றும்.

குடி என்பது குடும்பம். குடியிருப்பு அது வாழும் இடம். குடியுரிமை அது நாட்டில் பெறும் நிலை. ஒரே வேரிலிருந்து முளைத்த இம்மூன்றில் கடைசிக் கிளையை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வெட்டியது. அதன் விளைவாக வந்ததே எங்கள் வரலாற்றின் மிகப் பெரிய வீடு மாற்றம்.

இராமேசுவரம் என்று எழுதிய பெட்டி

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பற்றிய கணக்கு அது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும். 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவது. 1974இல் அவர்களையும் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன.

ஏழு பேர் போனால் நால்வர் இருக்கலாம் என்ற விகிதம் வகுக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுக் கால எல்லையும் வகுக்கப்பட்டது. சேமலாப நிதியையும் சேவைக்காலக் கொடையையும் கொண்டு செல்லலாம் என்பதும், ஒரு குடும்பம் கொண்டு செல்லக்கூடிய சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழ் குறைக்கப்படாது என்பதும் அதில் எழுதப்பட்டிருந்தன. ஒழுங்கு என்ற வகையில் குறைசொல்ல இடமில்லை. ஆனால், போவதா இருப்பதா என்று முதலில் அந்த மக்களைக் கேட்டவர் யார்?

என் தாய்மாமன் குடும்பம் 1976இல் புறப்பட்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்தபின் மாமா இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்றுக்கொண்டார். எனக்கு அப்போது எட்டு வயது. தோட்டத்துத் தச்சர் செய்து கொடுத்த மரப்பெட்டியில் மாமாவின் பெயரும் 'இராமேசுவரம்' என்ற சொல்லும் வெள்ளை மையில் எழுதப்பட்டன. என்னிடம்தான் எழுதச் சொன்னார்கள். 'இராமேசுவரம்' என்பதில் வரும் ரகரத்துக்கு எந்த ர என்று ஐயுற்று, ஆசிரியரைக் கேட்கப் பாடசாலைக்கு ஓடினேன். நான் பண்டிதனாகும் வழியில் வைத்த முதலடி அதுவே போலும்.

மாமி ஆட்டை விற்றார். கோழிகளை எங்களுக்குக் கொடுத்தார். அம்மி பாரமென்று நின்றுவிட்டது. குழந்தையைப் புதைத்த இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து பெட்டியின் அடியில் வைத்தார். கொண்டுபோகும் பொருள்களின் பட்டியலில் அது எழுதப்படவில்லை.

அட்டன் புகையிரத நிலையத்தில் அன்று எழுந்த ஓலத்தை மறக்க இயலாது. போவோரும் நிற்போரும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டி ஒப்பாரி வைத்தனர். பொல்காவலை, மாகோ, அனுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னாருக்குச் சென்ற அவ்வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தார்கள். பாரி மாண்டபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு பறம்பை விட்டுச் சென்ற கபிலர், கண்ணீர் மல்க அம்மலையைத் தொழுது வாழ்த்திச் சென்றார் என்பதைப் புறநானூற்றில் கற்பிக்கும்போது, கோச்சியின் சன்னலில் தலையை நீட்டி மலையையே பார்த்துச் சென்ற மாமாவின் முகம் என் முன் வரும். பறம்பு கபிலருக்கும் சொந்தமன்று. அவர் கொண்ட அன்பே அவருக்குச் சொந்தம்.

தலைமன்னாரில் 'இராமானுஜம்' என்னும் கப்பல். அப்பால் மண்டபம் முகாம். பின்னர் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு அமைத்த தேயிலைத் தோட்டம். மாமாவின் முதற் கடிதத்தில், "இங்கேயும் மலை, இங்கேயும் கொழுந்து, இங்கேயும் லயம்தான்" என்றிருந்தது. மாமா இன்று இல்லை. 2022இல் அத்தோட்ட நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பி ஒப்படைக்கத் தமிழக அரசு முடிவு செய்தபோது, ஓய்வுபெற்றோர் குடியிருப்பை விடவேண்டி வருமோ என்ற அச்சம் அங்கும் எழுந்தது. கடல் கடந்து சென்றும் அந்தக் கேள்வி உடன் சென்றிருந்தது.

பட்டியலைத் திருத்தி எழுதியது

இவற்றையெல்லாம் எண்ணி, நான் பழைய தாளைக் கிழித்துப் புதிய தாளில் எழுதினேன். இன்று தோட்டங்களில் பலர் லயத்திலிருந்து தனி வீட்டுக்கு மாறிக்கொண்டிருக்கின்றனர். இன்னும் பலர் காத்திருக்கின்றனர். அவர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கும் பயன்படுமாயின் நன்று என்றெண்ணி, அத்தாளில் எழுதியவற்றை ஈண்டுத் தருகிறேன்.

முதலாவது, தாள்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பதிவு, வீடு ஒதுக்கிய கடிதம் ஆகியவற்றை ஒரே தகரப் பெட்டியில் சேர்க்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் தந்தையாரின் பெயர் நான்கு தாள்களில் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். சொன்னவருக்குப் படித்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்பிழை வீட்டு உறுதி எழுதும் நாளில் பெருந்தடையாகும். ஆதலின், பாத்திரங்களைக் கட்டுமுன் பெயர்களைத் திருத்துக. கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடப் பதிவையும் வாக்காளர் இடாப்பையும் மாற்றுவதும், பிள்ளைகளின் பாடசாலைக்கு அறிவிப்பதும் இதனுள் அடங்கும்.

இரண்டாவது, நிலம். குடிபோகுமுன் மும்முறை போய்ப் பார்க்க வேண்டும். அவற்றுள் ஒருமுறை மழையில் பார்க்க வேண்டும். வீட்டின் பின்புறம் வெட்டிய மண்சுவர் எவ்வளவு உயரம், மழைநீர் எவ்வழி ஓடுகிறது, நிலத்தில் வெடிப்பு உண்டா, மரங்கள் சாய்ந்து நிற்கின்றனவா, ஊற்றுநீர் திடீரெனக் கலங்குகிறதா என்று நோக்குக. கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது, மக்கள் இடம்பெயர வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போக வேண்டும் என்று சொன்னவர் உண்டு. போவதற்கு ஓர் இடம் ஆயத்தமாக இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளி கொணர்ந்த மழையிலும் மலையகம் மீண்டும் சரிவுகளைக் கண்டது. ஆகவே, வீடு மாறுதல் எங்களுக்கு வசதி பற்றிய செய்தி மட்டுமன்று. உயிர் பற்றிய செய்தியுமாகும்.

மூன்றாவது, காலம். அட்டன் பக்கத்தில் வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யும். அக்காலத்தில் சாமான் சுமந்தால் மெத்தையும் விறகும் ஒருங்கே நனையும். ஆடியும் மார்கழியும் ஆகா என்று பெரியோர் விலக்குவர். தையும் மாசியும் வெயில் காயும் மாதங்கள். நல்ல நாளும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆயின் கொழுந்து எடுப்போரும் சுமை தூக்க வருவர். சாத்திரமும் வானிலையும் வேலை நாட்குறிப்பும் ஒருங்கே இசைவது தை மாதத்தில்தான் என்று கண்டு மகிழ்ந்தேன். ஆயினும் மின்னிணைப்பும் தண்ணீர்க் குழாயும் வாராத வீட்டுக்கு எந்த நல்ல நாளிலும் குடிபோகற்க.

நான்காவது, அயல். லயம் என்பது நெருக்கடியான இடமே. நான் பிறந்த காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஆனால், ஒரு வீட்டில் குழந்தை இருமினால் மறு வீட்டிலிருந்து கற்பூரவள்ளி வரும். புதிய வீடு ஏறத்தாழ 550 சதுர அடி. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,905 சதுர அடி நிலம். காற்றும் வெளிச்சமும் தனிமையும் கிடைக்கும். சுவருக்கு அப்பால் இருமல் கேட்காது. மதுரைக்கு வந்த கோவலனுக்கும் கண்ணகிக்கும் மாதரி தனி மனை ஒன்றைத் தந்ததோடு அமையாமல், சமைக்கக் கலங்களும் காயும் அரிசியும் கொடுத்து, துணைக்குத் தன் மகள் ஐயையையும் நிறுத்தினாள். வீடு கொடுப்பது வேறு, குடிபுகச் செய்வது வேறு என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார். பழைய லயத்துக்காரரையும் புதிய அயலாரையும் ஒரே பந்தியில் அமர்த்திப் பால் காய்ச்சுதல் வேண்டும் என்று எழுதினேன்.

குடிபுகுந்த நாள்

ஒரு ஞாயிறு விடியலில் புறப்பட்டோம். தூரம் ஒரு மைலுக்கும் குறைவு. லயத்து இளைஞர் பதின்மர் தோள் கொடுத்தனர். மாமி விட்டுச் சென்ற அம்மியை இம்முறை இருவர் சுமந்தனர். ரோசாப் பதியனையும் கற்பூரவள்ளியையும் தாயார் தம் கையாலேயே எடுத்துக்கொண்டார். காம்பராவை விட்டு வெளியேறுமுன் புகை படிந்த சுவரை ஒருமுறை தடவினார். அழுவார் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. "துடைப்பத்தைக் குடு, கூட்டிட்டுப் போறேன். நாளைக்கு இதுல யாரு வர்றாங்களோ" என்றார். கூட்டிப் பெருக்கி, இஸ்தோப்பில் ஒரு கோலமும் இட்டுவிட்டே இறங்கினார். ஒருவர் தம் விருப்பப்படி ஒரு வீட்டை விட்டுப் போவது எப்படி இருக்கும் என்பதை எங்கள் குடும்பத்தில் அன்றே முதன்முறையாகக் கண்டேன்.

புதிய வீட்டில் பால் பொங்கியது. அயலார் உண்டனர். மாலையில் எல்லாரும் போனபின் தாயார் தம் பழைய கேள்வியை மீண்டும் கேட்டார். நான் மெய்யே சொன்னேன்: "ஒதுக்கிய கடிதம் வந்திருக்கு அம்மா. உறுதி இன்னும் வரல்ல."

ஈழத்தில் நாம் காணிப் பத்திரத்தை 'உறுதி' என்கிறோம். வீடு உறுதிப்பொருள்களுள் ஒன்று என்று நான் வகுப்பில் சொல்லிவந்ததற்கு எத்துணைப் பொருள் இருக்கிறது என்பதை அன்று உணர்ந்தேன். இந்திய அரசின் உதவியோடு முன்னர் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே 12இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2018இல் மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகாரசபையும் சட்டத்தால் அமைந்தது. இவை நன்றியோடு நினைக்கத்தக்கன. ஆனால், சுவர் எழுந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. வேலையோடு கட்டப்பட்ட காம்பராவுக்கும் ஆளுக்கு உரிய வீட்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு அறைகளின் எண்ணிக்கையில் இல்லை. அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. விட்டுப் போகவும் விடாது இருக்கவும் தனக்கே உரிமையுள்ள இடம் எதுவோ, அதுவே வீடு. உறுதி எம் கையில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அட்டனுக்குத் திரும்பியதும், தாயாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பெயர், புதிய வீட்டின் இலக்கம், குடியிருப்பின் பெயர், அஞ்சலகம் என எல்லாவற்றையும் முத்துமுத்தாக எழுதி அனுப்பினேன். அது எட்டாம் நாள், வழக்கம்போலத் தோட்டத்து அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான் எழுதிய இலக்கத்தை யாரோ அடித்துவிட்டுப் பழைய லயத்தின் இலக்கத்தை எழுதியிருந்தார். பிரட்டுக்குப் போன தம்பி அதைக் கொண்டுவந்து கொடுத்தான். எழுதியவரை நான் நோகவில்லை. அவர் கை பழக்கப்பட்டதையே எழுதியது.

தாயார் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். உறையின்மேல் அடிக்கப்பட்ட இலக்கத்தை விரலால் தொட்டு, "இதுதானே நம்ம நம்பரு?" என்றாராம். ஆம் என்றானாம் தம்பி. "அப்ப அண்ணன இன்னொரு கடிதாசி போடச் சொல்லு. வந்து சேர்ற வரைக்கும் போடச் சொல்லு" என்றாராம்.

மாதம் இரண்டு கடிதங்கள் எழுதி வருகிறேன்.